பாராம்ஓவர்ரைட்ஸ்: காவல் இல்லாத கொல்லைப்புறம்

பைத்தானில் பாராம் (param) லைப்ரரியை, அதாவது ஆப்ஜெக்டின் பாராமீட்டர்களுக்கு வகையும் எல்லையும் போட்டுச் சரிபார்க்கும் லைப்ரரியை, புதிதாகத் தொட்டிருக்கும் நண்பர் ஒருவர், "அதில் இருக்கும் இந்தப் பாராம்ஓவர்ரைட்ஸ் (ParamOverrides) கிளாஸை நம்பி எழுதலாமா?" என்று கேட்டார். பல வருடமாக அதோடு குப்பை கொட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதன் வேலை சின்னது. ஆப்ஜெக்டின் பத்து பாராமீட்டரில் இரண்டை மட்டும் இந்த ஒரு அழைப்புக்கு மாற்ற வேண்டும், ஆப்ஜெக்டில் கை வைக்கக் கூடாது. மாற்ற வேண்டியதை டிக்‌ஷனரியாகக் கொடுத்தால், ஒரு பாராமீட்டரின் பெயரைக் கேட்கும்போது முதலில் அதில் தேடும். இல்லையென்றால் ஆப்ஜெக்டிடம் வாங்கித் தரும். பைத்தானின் சாதாரண டிக்‌ஷனரியை (dict) நீட்டித்த சப்கிளாஸ்தான், மந்திரம் எதுவும் இல்லை. காப்பி எடுக்க வேண்டாம், பழைய மதிப்பை எழுதி வைத்துத் திருப்பிப் போட வேண்டாம். வரைபடங்கள் போடும் ஹோலோவியூஸ் லைப்ரரியின் ஆபரேஷன்கள் இதை வைத்துத்தான் ஓடுகின்றன. லூப்புக்குள் மதிப்பை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க இதைவிடச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி வயிற்றெரிச்சல். ஆல்ஃபா என்ற நம்பர் பாராமீட்டருக்கு 0 முதல் 1 வரை என்று எல்லை போட்டிருக்கிறீர்கள். ஆப்ஜெக்டில் நேரடியாக 1.7 வைத்தால் உடனே வேல்யூ எரர். அதே 1.7-ஐ ஓவர்ரைடாகக் கொடுங்கள்: சத்தமே இல்லாமல் உள்ளே போகும். எண்ணுக்குப் பதில் ஸ்டிரிங் கொடுத்தாலும் அப்படித்தான். முன்வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்கிறான், கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. சரிபார்ப்புக்காகத்தானே ஐயா பாராமையே இழுத்து வந்தோம்!

பெயரில் எழுத்துப் பிழை விட்டால்? பாராமீட்டர் அல்ல, புறக்கணிக்கப்படும் என்று ஒரு வார்னிங். எரர் இல்லை. ஆயிரம் வரி லாகில் அதை யார் பார்ப்பது? கூடுதல் கீவேர்டுகளை அனுமதித்திருந்தால் அந்த வார்னிங்கும் வராது.

நியாயமாகச் சொன்னால், ஒவ்வொரு அழைப்பிலும் உருவாகிற பொருள் லேசாக இருக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் வேண்டுகிறவர்களுக்கு மட்டும் சரிபார்க்க ஒரு ஆப்ஷன் வைத்திருக்கலாமே. 2023-இல் வந்த பாராம் 2.0-இல் அப்டேட் (update) மெத்தடை வித் (with) பிளாக்கில் போடலாம்: மதிப்பைச் சரிபார்க்கும், முடிந்ததும் பழையதைத் திருப்பி வைக்கும். ஆனால் அது மாற்றுவது ஆப்ஜெக்டையேதான். மதிப்பு மாறினால் ஓடும்படி கட்டி வைத்த வாட்ச்சர்கள் எல்லாம் எழுந்து ஆடும். நமக்கு வேண்டியது அதுவா?

இப்போதெல்லாம் ஓவர்ரைட்ஸ் உருவாக்கிய அடுத்த வரியிலேயே எல்லைகளை நானே சோதிக்கும் ஒரு ஃபங்ஷனை அழைத்துவிடுகிறேன். அதை எழுதும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

நண்பருக்குச் சொன்னது: புது புராஜெக்டில் சேர்க்காதே. என் கோடிலிருந்து எடுத்துவிடுவேனா என்றால், மாட்டேன்.