முகமூடியோடு பயிற்சியா, வெறும் நடையா?

பல்லாண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த என் அம்மம்மாவுக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, கோட்டை வாசல் தாண்டி மான்கள் மேயும் இடத்திலேயே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

இந்நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. வேகமாக நடந்தால் பழைய காற்று முழுதாக வெளியேறுமுன் புதுக்காற்று சேர்ந்து நெஞ்சுக்குள் தேங்கிவிடுகிறது. முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றுத் தரும் இயந்திரம் சுவாசத் தசைகளின் சுமையைக் குறைக்கிறது. அதனால் சற்றுக் கடுமையாகவே பயிற்சி செய்ய முடிகிறது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பயிற்சியின் தீவிரம் கூடலாம் என்றதே தவிர, வாழ்க்கைத்தரம் உயர்வதை உறுதிப்படுத்தவில்லை. அழுத்தத்தைச் சரிசெய்யத் தேர்ந்த ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நடைக்கு அந்தச் சிரமமில்லை. மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாக 8 வாரமாவது தொடர வேண்டும். பெரும்பாலோருக்கு இதையே முதலில் சொல்வேன். நாலடி வைத்தாலே திணறுபவர்களுக்கு இயந்திரத்தைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அம்மம்மா இப்போது கடற்கரையோரச் சமதரையில் நடக்கிறார். உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் ஆடும் அளவுக்கு மெல்ல ஊதியபடி.