இஎஸ்ஐ அட்டையும் கம்பெனி மெடிக்ளெய்மும்: எதை எங்கே நீட்டுவது?

18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம், மாதம் 135 ரூபாய். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டுகிறார். இந்த 720 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், "போனா அரை நாள் க்யூவுலயே போயிடும்" என்பதுதான் பெரும்பாலும் பதில். இஎஸ்ஐ மருந்தகத்தை (டிஸ்பென்சரி) பொறுத்தவரை நியாயமான புகார். ஆனால் இஎஸ்ஐயின் உண்மையான பலம் ரொக்கத்தில் இருக்கிறது. கம்பெனி எடுத்துத் தரும் குரூப் மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். படுத்துக் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளம் தராது. இரண்டும் கையில் இருப்பவர்கள் மெடிக்ளெய்ம் கார்டை மட்டும் நீட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான்.

நோய்க்கால உதவித்தொகை என்பது சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. நாளுக்கு 600 என்று வைத்தால் 420; 91 நாளுக்கு 38,220 ரூபாய். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்கும். அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

இந்தப் பணம் பெரும்பாலும் சான்றிதழில்தான் சிக்குகிறது. மெடிக்ளெய்மில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடித்து, ஒரு மாதம் கழித்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போனால் இழுபறிதான். இஎஸ்ஐ மருத்துவரின் சான்றுதான் அடிப்படை. வெளிச் சான்றை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். அதனால் அட்மிஷன் ஆனவுடனே வீட்டில் ஒருவர் மருந்தகத்துக்குப் போய்த் தகவல் சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் சான்று, வாரத்துக்கு ஒரு இடைச் சான்று, வேலைக்குத் திரும்பும் முன் தகுதிச் சான்று. இவற்றோடு உதவித்தொகை கேட்கும் படிவம் 9.

இன்னொரு பொறி லீவு. சம்பளத்தோடு கூடிய விடுப்பு போட்ட நாளுக்கு உதவித்தொகை கிடையாது. "நல்லது செய்றோம்" என்று ஹெச்.ஆர். மொத்த நாளையும் ஈ.எல்.லில் (ஈட்டிய விடுப்பு) கழித்துவிட்டால் லீவும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் வராது (முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் இது கிடையாது). அந்த இரண்டு நாளுக்கு மட்டும் கேஷுவல் லீவ் போதும்.

வேலையிட விபத்து என்றால் கணக்கே வேறு. சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, 78 நாள் நிபந்தனை இல்லை. குணமாகும் வரை 90 சதவீதம். வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்பிருந்தால் இதில் அடங்கும். பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரல் முழுதும் போய்விட்டது என்று வையுங்கள். "மெடிக்ளெய்ம்ல பாத்துக்கலாம், ரிப்போர்ட் எல்லாம் எதுக்கு" என்கிறது நிர்வாகம். பில் கட்டியாயிற்று, தொழிலாளியும் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அட்டவணைப்படி அந்த விரலுக்குச் சம்பாதிக்கும் திறன் இழப்பு 14 சதவீதம். நாளுக்கு 540 ரூபாயில் (600-ல் 90 சதவீதம்) 14 சதவீதம் 75.60, மாதம் 2,268 ரூபாய், ஆயுள் முழுக்க. முழுச் சம்பளத்தில் வேலை பார்த்தாலும் வரும், சம்பளம் உயர்ந்து இஎஸ்ஐயை விட்டு வெளியேறினாலும் வரும். விபத்துப் பதிவேட்டில் ஏற்றாமல், இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கையான படிவம் 12 அனுப்பாமல் விட்டால், அது வேலையிடக் காயம்தான் என்று பின்னால் நிரூபிக்கும் பாடு தொழிலாளி தலையில். தையல் போடும்போதே கேஸ் ஷீட்டில் 'வேலையிடத்தில் இயந்திர விபத்து' என்று எழுத வைத்துவிடுங்கள்.

இதே காயத்துக்கு முதலாளியிடம் சட்டப்படியான தொழிலாளர் இழப்பீட்டைத் தனியாகக் கேட்க முடியாது. கம்பெனி குரூப் பர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசி வைத்திருந்தால் அது தனி ஒப்பந்தம். அந்தத் தொகையையும் சேர்த்து வாங்கலாம். மெடிக்ளெய்ம் அப்படியில்லை, ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. இஎஸ்ஐ மருத்துவ வாரியம் தரும் சதவீதத்தையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் சதவீதத்தையும் போட்டுக் குழப்ப வேண்டாம். அட்டைக்கு வேண்டிய 40 சதவீதம் வேறு கணக்கு.

சிகிச்சை எப்படி? அயனாவரம், கே.கே.நகர், சிங்காநல்லூர் போன்ற பெரிய இஎஸ்ஐ ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. அங்கே இல்லாத உயர் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டோடு ஒப்பந்த ஆஸ்பத்திரி போனால் பில்லே இல்லை, அறை வாடகை வரம்பு என்ற பேச்சும் இல்லை. இதய அறுவை, டயாலிசிஸ் மாதிரிப் பெரிய செலவுக்கு இது பல குரூப் பாலிசிகளை விட மேல். காய்ச்சல், எலும்பு முறிவு, அவசரம் என்றால் மெடிக்ளெய்ம்தான் வேகம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருட வருமான வரம்பு 1,20,000. மாதம் பத்தாயிரம் தாண்டினாலே வெளியே. அதை இங்கே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, இஎஸ்ஐக்கான மாதச் சம்பள வரம்பு 21,000 (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000). மே மாதம் சம்பளம் 23,000 ஆனால் பிடித்தம் உடனே நிற்கக்கூடாது. ஏப்ரலில் தொடங்கிய பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டும், மாதம் 173 ரூபாய். அந்தச் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை. பல கம்பெனிகளில் இஎஸ்ஐக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும்தான் குரூப் பாலிசி. அக்டோபர் 1-ல் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த திருத்தப் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். இஎஸ்ஐயில் மாத வருமானம் 9,000-க்குள் உள்ள, உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவும் அடக்கம். குரூப் பாலிசியில் பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளைகள்தான். பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பதானால் அக்டோபரிலேயே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம். அதில் ஒன்பது மாதமாவது இஎஸ்ஐ நிழலில் கழியும்.