ஐரோப்பிய குரூப் டூரில் கேம்ப்சைட்: எங்கே மிச்சம், எங்கே செலவு

டூர் நிரலில் ‘வெனிஸ், 2 இரவு’ என்று ஒரே வரிதான் இருக்கும். கூடாரம் எங்கே என்று விசாரித்தால் மெஸ்த்ரே, மர்கேரா, ஃபுசினா என்று கரைப்பக்க ஊர்களின் பெயர்தான் வரும். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. மலிவான கேம்ப்சைட்டுகள் ஐரோப்பாவில் நகரின் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கூடாரத்தின் படத்தை அல்ல, ஊருக்குள்ளிருந்து திரும்பி வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை.

ஃபுசினாவையே எடுத்துக்கொள்ளலாம். காயலின் கரையில், வெனிஸுக்கு நேர் எதிரே உள்ள இடம். படகு ஏறினால் சுமார் 25 நிமிடத்தில் வெனிஸின் சாத்தேரே துறை. ரயில், பேருந்து என்று மாறி மாறிப் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்தப் படகு நகரத்தின் வாப்பொரெத்தோ என்னும் பொதுப் படகுச் சேவையைச் சேர்ந்தது அல்ல. வாப்பொரெத்தோ பாஸ் இதில் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கடைசிப் படகின் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். அதைத் தவறவிட்டால் வெனிஸுக்குள் வண்டிகள் வந்து நிற்கும் சதுக்கமான பியாத்சாலே ரோமாவுக்கு நடந்து, டாக்சி பிடித்து, பாலத்தைக் கடந்து நிலப்பக்கமாகச் சுற்றி வர வேண்டியதுதான். மிச்சம் பிடித்தது அந்த ஒரே சவாரியில் கரைந்துவிடும். (இங்குள்ள கேம்ப்சைட்டை 1950-களின் இறுதியில் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா. டூர் கைடுகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.)

வெனிஸில் இன்னொரு கணக்கும் உண்டு. பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு 2024 முதல், அறிவித்த நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025-இல் முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி மூன்று நாட்களில் கட்டினால் 10 யூரோ. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் தங்குகிறவர்களுக்கு விலக்கு; ஃபுசினா அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் விலக்குக்கும் இணையத்தில் பதிந்து விலக்குக் குறியீடு வாங்கி வைத்திருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே யெசோலோ பக்கம் கேம்ப் போட்டிருந்தால் கட்டணம் உண்டு. ஐம்பது பேர் குழுவுக்கு இது சின்னத் தொகை அல்ல.

ஆம்ஸ்டர்டாமின் சேபர்க் கேம்பில் இந்தத் தலைவலி குறைவு. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து 26-ஆம் எண் டிராம், இறங்கிக் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். பாரிஸில் புவா த புலோன் காட்டோரம், செய்ன் நதிக்கரையில் உள்ள கேம்ப் அழகான இடம். ஆனால் வாசலில் மெட்ரோ கிடையாது. போர்ட் மையோ வரை பேருந்தில் வந்துதான் 1-ஆம் எண் மெட்ரோவைப் பிடிக்க வேண்டும்.

தங்குமிடம் மூன்று வகை: நீங்களே அடிக்கும் கூடாரம், கட்டில் போட்ட நிலைக் கூடாரம், சக்கரத்தின் மேல் நிற்கும் கேபின். ‘படுக்கை உண்டு’ என்றால் மெத்தை உண்டு என்று மட்டுமே பொருள். விரிப்பும் துண்டும் பல இடங்களில் தனி வாடகை, சில இடங்களில் அதுவும் கிடைக்காது. ஜூலை, ஆகஸ்டில் இத்தாலியின் ஏசி இல்லாத கேபின் பிற்பகலில் அடுப்பு மாதிரி காயும். நிழலில் உள்ள கூடாரமே தேவலை. ஆல்ப்ஸ் பக்கம் கதை தலைகீழ். சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் விடிகாலையில் நடுங்க வைக்கும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் அச்சிட்ட வெப்பநிலைகளில் ‘கம்ஃபர்ட்’ எண்ணை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான எண், தூங்குவதற்கானது அல்ல. 5 டிகிரி கம்ஃபர்ட் இருந்தால் கோடைச் சுற்றுக்குப் போதும். அடியில் நல்ல மேட் இல்லாவிட்டால் எந்தப் பையும் உதவாது. உடல் எடையில் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், குளிர் தரையிலிருந்து ஏறும்.

காலையில் கூடாரத்தின் உள்சுவர் நனைந்திருந்தால் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். இரவு முழுக்க விட்ட மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. மேல் வென்டைத் திறந்து வைத்தால் பாதி குறையும். வெளித்துணியும் உள்துணியும் ஒட்டாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள்; ஒட்டிய இடத்தில் ஈரம் கசிந்து ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் ஊறிவிடும்.

கரண்டில்தான் குழுக்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. பல பழைய கேம்ப்களில் ஒரு இடத்துக்கு 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது 1380 வாட். 700 வாட் ரைஸ் குக்கர் தாங்கும். 2000 வாட் கெட்டில் போட்டால் பிரேக்கர் விழும். பிரேக்கர் பெட்டி பூட்டியிருந்து ரிசப்ஷனும் மூடிவிட்டால் விடியும் வரை இருட்டுத்தான். கூடார இடங்களில் உள்ள சாக்கெட், நீல நிற மூன்று முனை வட்ட வகை. சாதாரண டிராவல் அடாப்டர் அதில் நுழையாது. அதற்கென்று மாற்றுக் கேபிள் வேண்டும். சில ரிசப்ஷன்களில் டெபாசிட் கட்டினால் தருவார்கள்.

கேஸ் கேனை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. இறங்கிய பின்தான் வாங்க வேண்டும். துளைத்து மாட்டுவது, அழுத்திப் பூட்டுவது, திருகுவது என்று கேன்கள் பல வகை. ஒன்றுக்கான அடுப்பு மற்றொன்றில் பொருந்தாது. திருகு வகை அடுப்பு வைத்திருந்தால் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் கேன் கிடைக்கும். கேம்ப் கடையை மட்டும் நம்ப வேண்டாம்.

குளியலறையில் டோக்கன் வைத்திருப்பார்கள்: இத்தாலியில் ஜெத்தோனே, பிரான்ஸில் ஜெத்தோன். டோக்கன் போடும் பெட்டி அறைக்கு வெளியே இருந்தால் போட்ட உடனே நேரம் ஓடத் தொடங்கக்கூடும். உடை மாற்றித் தயாரான பிறகு போடுங்கள். குழு முழுக்க காலை ஏழு மணிக்கு வரிசை கட்டினால் வெந்நீர் தீரும். முந்தைய இரவே குளித்துவிடுவது உத்தமம். டாய்லெட் பேப்பர் கையோடு வேண்டும். பிரான்ஸின் கேம்ப் நீச்சல் குளங்களில் தொளதொள ஷார்ட்ஸுக்கு அனுமதி இல்லை, இத்தாலியில் பல குளங்களில் தொப்பி கட்டாயம்.

காயலோரம் என்றால் கொசு. இத்தாலியில் புலிக்கொசு பகலிலும் கடிக்கும். கொசுவர்த்திச் சுருளைக் கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது. நைலான் துணி நொடியில் பற்றும், மூடிய இடத்தில் புகையும் ஆபத்து. தோலில் பூசும் மருந்துதான் வழி.

கோச் டிரைவர் காலையில் தாமதமாகக் கிளம்பினால் சண்டை போட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, நாளுக்கு 9 மணி நேர ஓட்டம், இரவு 11 மணி நேர ஓய்வு. வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓய்வை 9 ஆகக் குறைக்கலாம். இரவு பத்துக்கு வண்டி நின்றால் மறுநாள் ஒன்பதுக்கு முன் கிளம்பாது என்றே கணக்கு வையுங்கள். பத்து மணிக்கே பல கேம்ப்களில் வாகனத் தடுப்பும் இறங்கிவிடும். அதன் பிறகு வந்தால் பெட்டிகளை வாசலிலிருந்து இருட்டில் இழுத்து வர வேண்டும். சரளைக்கல் பாதையில் சின்னச் சக்கரப் பெட்டி ஓடாது, முதுகுப்பைதான் சரி.

இத்தாலியில் பதிவுக்காக எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ரிசப்ஷன் வாங்கும், சில இடங்களில் இரவு முழுக்க வைத்துக்கொள்ளும். நகரத்தின் தங்கல் வரி தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். டூர் விலையில் அது சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். கிளம்பும் காலை கோச்சில் ஏறுமுன் ஒருவர் நின்று பாஸ்போர்ட்டுகளையும் சாவி டெபாசிட்டையும் எண்ணி வாங்கட்டும். ஆல்ப்ஸைத் தாண்டிய பிறகு நினைவுக்கு வந்தால் வண்டி திரும்பாது.