பத்தமடைப் பாயை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன்: அரசின் ஏற்றுமதி உதவிகள், ஐந்து வருட அனுபவம்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடையில் கோரைப் பாய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது என் தொழில். தறி என் வீட்டில் இல்லை. ஊரில் பதினான்கு வீடுகளில் பெண்கள் நெய்து தருகிறார்கள். சரக்கைப் பார்த்து, கூலி கொடுத்து, கட்டி அனுப்பி, காசு வந்து சேரும்வரை பின்னால் நிற்பது என் வேலை. 2020 கடைசியில் ஆரம்பித்தேன். ஏற்றுமதிக்கு அரசு தரும் உதவிகளில் என் கைக்கு எட்டியவற்றை ஏறக்குறைய எல்லாமே பயன்படுத்திவிட்டேன். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்கள், அம்பாசமுத்திரத்தில் மரச் செப்பு செய்கிறவர்கள் என்று சிலர் போன் செய்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. பயப்பட ஒன்றுமில்லை. சிறு தொழில் என்று பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர்கள் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தில் வாங்கும் ஐஇசி எண்ணுக்கு 500 ரூபாய்தான். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், எனக்கு மறுநாளே வந்துவிட்டது. இதற்கு ஆறாயிரம் ஏழாயிரம் என்று வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி என்ற உறுதிமொழிப் படிவம் உண்டு. அதுவும் ஆன்லைன்தான், அதற்கும் கட்டணம் இல்லை.

எதற்குப் பின் எது என்பதுதான் யாரும் சொல்லித் தராத விஷயம். எனக்கு அதைச் சொன்னவர் திருநெல்வேலி மாவட்டத் தொழில் மையத்தில் இருந்த ஒரு அலுவலர். ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: நடப்புக் கணக்கு, ஐஇசி, ஏடி கோடு, துறைமுகப் பதிவு, ஏற்றுமதி கவுன்சில் உறுப்பினர் சான்று. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அதற்கு முன் இரண்டு இணையதளங்களை ஒரு வாரம் படித்தும் எனக்கு இந்த வரிசை பிடிபடவில்லை.

ஏடி கோடுதான் என்னை அலையவிட்டது. அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளைக்கு உள்ள 14 இலக்க எண் அது. வங்கி அதை ஒரு கடிதமாகத் தர வேண்டும். அதைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில், நாம் சரக்கு ஏற்றும் துறைமுகத்தின் பெயரில் பதிய வேண்டும். பதியாமல், சரக்கை ஏற்றுவதற்குச் சுங்கத்தில் தரும் ஷிப்பிங் பில் போட முடியாது. என் கணக்கு இருந்த கிளையில் இப்படி ஒரு கடிதத்தை யாரும் கேட்டதே இல்லையாம். மூன்று வாரம் போனது. கடைசியில் தூத்துக்குடியில் இருந்த சுங்க முகவர், "தம்பி, நீங்க ஏற்றுமதி நிறைய நடக்கிற கிளைக்குக் கணக்கை மாத்திருங்க" என்றார். மாற்றினேன், இரண்டே நாளில் முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கணக்குத் திறக்கும் முன்பே அந்தக் கிளையில் ஏற்றுமதி நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் முதல் பெரிய சரக்கு. 2021 ஐப்பசி மாதம், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியாக 120 பாய். காகிதம் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பாயையும் சுருட்டி, தூசி படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் படங்கள் அனுப்பினார். ஓரங்களில் கடுகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள், 34 பாய்களில். பூஞ்சணம். படத்தை எடுத்துக்கொண்டு, நாற்பது வருடமாகத் தறியில் உட்காரும் ஒரு அக்காவிடம் போனேன். அவர் என் கையில் இருந்த ஒரு கோரையை வாங்கி ஒடித்தார். வளைந்ததே தவிர முறியவில்லை. "சத்தம் வரணும் தம்பி. வரலேன்னா உள்ளே ஈரம் இருக்குன்னு அர்த்தம். அதைப் போய் பிளாஸ்டிக்ல மூடுனா புழுங்காம என்ன செய்யும்?" கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் நெய்கிறார்கள். மழைக்காலத்தில் நெய்த பாய்க்குக் கூடுதலாக நாலு நாள் வெயில் காட்ட வேண்டும். இப்போது கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் ஓர் ஓரத்து இழையை ஒடித்துப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் கிடையாது, பழுப்புத் தாள், உள்ளே ஈரம் உறிஞ்சும் பை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அதற்கு முன் நான் மூன்று ஏற்றுமதிப் பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருந்தேன். எல்லாமே அரசு உதவியோடு நடந்தவை, நல்ல வகுப்புகள்தான். விலைப்பட்டியல் எழுதுவது, சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ் எண் பார்ப்பது, பணத்துக்கு வாங்குபவரின் வங்கி உறுதி சொல்லும் கடன் கடிதம் என்றால் என்ன என்று எல்லாம் சொல்லித் தந்தார்கள். உங்கள் சரக்கைக் கொண்டு வந்து காட்டுங்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் எனக்குப் பட்ட பெரிய குறை இதுதான். என் காகிதத்தைப் பார்க்க ஆள் உண்டு, என் பாயைப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒருவர் பாய் கேட்டார். தாவரப் பொருள் என்றால் அந்த நாட்டில் கெடுபிடி அதிகம்; பூச்சி, விதை, மண் எதுவும் இருக்கக் கூடாது. பயிர் நலச் சான்று வேண்டும் என்றார். தூத்துக்குடியில் உள்ள மத்திய அரசின் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையத்துக்கு விண்ணப்பித்தேன். பார்க்க வந்த அதிகாரி ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லி, பாயைத் தரையில் விரித்து, முடிச்சுப் போட்ட ஓரத்தை லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் கோரையின் நுனிப் பூ நறுக்கப்படாமல் இருந்தது. "இதுல விதை இருக்கும், அங்க போனா திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். அன்று சாயங்காலம் எல்லாப் பாயையும் பிரித்து நுனி நறுக்கினோம். மறுநாள் சான்று கிடைத்தது. இத்தனை அலுவலகங்களில் என் சரக்கைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வரிச் சலுகை கேட்க, சரக்கு இங்கே உண்டானது என்று மூலச் சான்று வேண்டும். அதையும் இப்போது ஆன்லைனில் வாங்கலாம். கோரை எங்கே விளைந்தது, பாவு நூல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். பில்களைச் சேர்த்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை.

சின்ன ஆர்டர் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தபால் நிலையத்தைத்தான். 2022 முதல் நாடு முழுக்க டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் ஏற்றுமதி மையங்கள் திறந்திருக்கிறார்கள், ஆயிரத்துக்கும் மேல். பதிவுக்குக் கட்டணம் இல்லை. தபால் வழி ஏற்றுமதிக்கான பில்லை வீட்டிலேயே ஆன்லைனில் போட்டுவிட்டுப் பார்சலை அங்கே கொடுத்தால் போதும். மற்றபடி சுங்க வேலை எல்லாம் அவர்கள் வழியாகவே நடந்துவிடும். மூன்றடி அகலப் பாய் சுருட்டினால் தாராளமாகப் போகிறது. மாப்பிள்ளை, பெண் பெயர் வைத்து நெய்யும் கல்யாணப் பாய் ஒன்றிரண்டாகத்தான் கேட்பார்கள்; அதற்குக் கண்டெய்னரும் முகவரும் கட்டுப்படியாகாது. என் பார்சல்களில் பாதி இப்போது இந்த வழியில்தான் போகின்றன.

அடுத்தது இசிஜிசி. 1957 முதல் இருக்கும் மத்திய அரசு நிறுவனம். வாங்கியவர் பணம் தராமல் போனால் இழப்பை ஈடு செய்யும் காப்பீடு தருகிறார்கள். சிறு ஏற்றுமதியாளர்களுக்குத் தனிப் பாலிசி உண்டு. பலர் இதைச் செலவாக நினைத்து விடுகிறார்கள். நான் மதிப்பது காப்பீட்டை விட, வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கடன் வரை காப்பீடு என்று அவர்கள் வரம்பு வைக்கும் முறையை. 2023இல் ஒருவர் 90 நாள் கடனில் பெரிய ஆர்டர் கொடுத்தார். அவர் பெயரில் வரம்பு கேட்டேன். நான் கேட்டதில் கால் பங்குதான் அனுமதித்தார்கள். அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. மீதிக்கு முன்பணம் கேட்டேன், அவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த ஆர்டரை எடுத்திருந்தால் பதினான்கு வீட்டுக் கூலியும் முடங்கியிருக்கும்.

கண்காட்சி என்றால் கைவினைப் பொருள் ஏற்றுமதி கவுன்சில் கிரேட்டர் நொய்டாவில் வருடம் இரண்டு முறை நடத்துவது. ஒரு நண்பரோடு அரங்கைப் பகிர்ந்து போனேன். படுக்கும் பாயைவிட யோகா பாயைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள். சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர்ப் பாய் என்று சொன்னதும் சிலர் நின்று கேட்டார்கள். நெசவாளிகளுக்கு இரண்டடி அகலத் தறி போட யோசனை வந்தது அங்கேதான்.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. முதல் முறை ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கவுன்சில் உறுப்பினர் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், சோதனைக் கட்டணம் ஆகியவற்றில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ அமைச்சகத்தில் இருக்கிறது. கண்காட்சிச் செலவுக்கும் உதவி உண்டு. பில்லின் அசலைப் பத்திரமாக வைத்துக் கேளுங்கள். ஆனால் அந்தப் பணத்தை விலைக்குள் கணக்கு வைக்காதீர்கள். என் கோப்பு ஒன்று ஓர் அலுவலகத்தில் பதினோரு மாதம் கிடந்தது. நெய்தவருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும், அது கோப்புக்காகக் காத்திருக்காது.

மாநில அரசிடமும் மத்திய அரசிடமும் நான் கேட்பது ஒன்றுதான். மாவட்டத் தொழில் மையத்தில் மாதம் ஒரு நாள், பாயோ அப்பளமோ செப்போ, சரக்கைக் கொண்டு வரச் சொல்லுங்கள். தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையத்திலிருந்து ஒருவர், சரக்கைக் கட்டி அனுப்பத் தெரிந்த ஒருவர், ஒரு சுங்க முகவர் உட்கார்ந்து பார்க்கட்டும். என் 34 பாய்கள் அப்படி ஒரு மேசைக்கு வந்திருந்தால் கப்பலே ஏறியிருக்காது.

கடைசியாக ஒரு தேதி விஷயம். ஐஇசி விவரத்தை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஆன்லைனில் உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. 2022இல் நான் தவறவிட்டேன், எண் முடங்கியது, சரக்கு துறைமுகத்தில் நின்றது. எல்யூடியும் நிதியாண்டுக்கு ஒன்றுதான். இப்போது இரண்டையும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே நாளில் முடித்துவிட்டு, காலண்டரில் அந்த வாரத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுகிறேன்.