"முழு 3 இன்ச்" ஸ்நார்கெல் கிட்: 18,000 போச்சு, நீங்களாவது அளந்து பாத்து வாங்குங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும். நாலு வீல் டிரைவ் வண்டிக்கு ஸ்நார்கெல் (தண்ணிக்குள்ள இறங்கினாலும் இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காத்து எடுத்துத் தர்ற பைப்) சொந்தமா கட்டிக்கிறவங்களுக்குன்னு பைப், எல்போ, ரப்பர் ஹோஸ், மேல காத்தை உள்ள வாங்குற தலை எல்லாம் சேர்த்து கிட்டா விக்கிற ஒரு ஆன்லைன் கடை. "முழு 3 இன்ச், 3 லிட்டர் டர்போ வரைக்கும் தாங்கும்"னு பெரிய எழுத்தில் விளம்பரம். 18,000 கட்டியாச்சு. வந்தது 3 இன்ச்சும் இல்ல, தாங்கவும் இல்ல.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி சாட்டில் கேட்டது ஒரே கேள்வி: 3 இன்ச்ங்கிறது உள்விட்டமா, வெளிவிட்டமா? "உள்விட்டம்தான் சார், வெர்னியர் வச்சே காட்டுறேன்"னு உடனே ஒரு போட்டோ வந்தது. டிஜிட்டல் வெர்னியர் (தாடையால பிடிச்சு விட்டம் அளக்கிற கருவி) திரையில் 76.2 மி.மீ., அதாவது 3 இன்ச், பக்கத்தில் பைப்போட விளிம்பு. கேட்டதும் அளந்து காட்டுறவங்களை யார்தான் சந்தேகப்படுவாங்க? இப்ப பார்த்தா, வெர்னியர் தாடை பைப்புக்கு உள்ள இருக்கா, வெளியில் பிடிச்சிருக்கான்னு தெரியாதபடி படத்தை வெட்டியிருக்காங்க. 76.2 வெளிவிட்டம். சுவர் கனம் 5 மி.மீ. ஆக, உள்ள 66தான்.

அதையாவது பொறுத்துக்கலாம். பெரிய அநியாயம் அடாப்டரில். ஃபெண்டருக்குள்ள ஏர் பாக்ஸோட (ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டி) சேர்க்கிற கறுப்பு பிளாஸ்டிக் துண்டு அது. ரப்பர் ஹோஸை அதுமேல ஏத்தி கிளாம்ப் போட்டே அனுப்புறாங்க, அதனால வெளியில் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கிளாம்ப்பைத் தளர்த்தி ஹோஸை உருவினாத்தான் உண்மை தெரியுது: உள்விட்டம் 50 மி.மீ. ஏர் பாக்ஸ் வாயோ 70 மி.மீ. விட்டத்தைப் பார்த்தா சின்ன வித்தியாசமாத் தெரியும், பரப்பைப் பாருங்க. வாய் 38.5 சதுர செ.மீ., அடாப்டர் கழுத்து 19.6. பாதிதான். மேல 4 இன்ச் பைப்பே நிறுத்தினாலும் அத்தனை காத்தும் அந்தக் கழுத்து வழியாத்தான் போயாகணும்.

2.5 லிட்டர் டர்போ டீசல் 4,000 ஆர்.பி.எம்.மில் ஓடுதுன்னு வைங்க. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் காத்தை இழுக்கும், அதனால டர்போ இல்லாட்டி நிமிஷத்துக்கு 5,000 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டர்போ ஒரு பார் பூஸ்ட் (கூடுதல் காத்தழுத்தம்) குடுத்தா ஏறக்குறைய 8,000 லிட்டர். அது 50 மி.மீ. கழுத்தில் நொடிக்கு 68 மீட்டர் வேகத்தில் பாயணும். நிஜமான 76 மி.மீ. உள்விட்டத்தில் 29 மீட்டர் போதும். அழுத்த இழப்பு வேகத்தோட வர்க்கத்தில் ஏறும், அதனால அந்த இடத்தில் இழப்பு அஞ்சு மடங்குக்கு மேல. இதோட கிட்டில் மூணு எல்போ, மூணும் கூர்மையா 90 டிகிரி திரும்புற வகை. ஒவ்வொண்ணும் தன் பங்குக்குத் தின்னும். ஒரு 90 வேண்டிய இடத்தில் ரெண்டு 45 போட்டு நடுவில் கொஞ்சம் நேர்பைப் விட்டா இழப்பு நல்லாவே குறையும். கிட் விக்கிறவங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஐடிலிங்கில் எதுவும் தெரியாது, அதுதான் இவங்க பிழைப்பு. மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டர் குடுத்தாத்தான் இழுவை செத்துப்போய் பின்னாடி கரும்புகை வரும். காத்தை அளந்து டீசல் விடுற புது இன்ஜின்ல புகை வராது, இழுவை மட்டும் குறையும். புது ஃபில்டர் போட்டும், ஃபில்டர் அடைப்பைக் காட்டுற இண்டிகேட்டர் சிவப்புக்குப் போச்சு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் தண்ணி ஊத்தின U டியூப் மாட்டிப் பார்த்ததில், ஸ்நார்கெல் இல்லாத பழைய இன்டேக்கைவிட 50 செ.மீ. தண்ணி உயரத்துக்கு மேல கூடுதல் உறிஞ்சல். பல டர்போ டீசல்களில் அழுக்கான ஃபில்டரையும் சேர்த்தே 60 செ.மீ. சுமாருக்குத்தான் அனுமதி. ரப்பர் ஹோஸும் நடுவில் உள்வாங்கிப் பள்ளமாயிடுச்சு, உள்ள கம்பிச்சுருள் கிடையாது.

புகார் சொன்னா முதல் பதில் "ஃபில்டர் மாத்திப் பாருங்க சார்." மாத்தியாச்சுன்னதும் "எல்லாருக்கும் இதே அடாப்டர்தான், வேற யாரும் குறை சொல்லலையே." 50 மி.மீ. காட்டுற வெர்னியரைத் தாடையோட படம் பிடிச்சு அனுப்பினதும் "பொருத்தின சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது." பொருத்தி ஓட்டாம இந்தக் கோளாறு எப்படித் தெரியும்? கடைசியில் இன்னொரு செட்டைத் தள்ளுபடியில் தர்றாங்களாம், ரெண்டு பைப்பா ஓட்டிக்கணுமாம்! ரெண்டு 50 மி.மீ. சேர்ந்தாலும் 39 சதுர செ.மீ.தான், ஒரு 76 மி.மீ. பைப் மட்டுமே 45. சுவர் உரசலும் ரெண்டு பைப்பில்தான் அதிகம். அதைச் சொன்னதோட சாட் மூடிட்டாங்க. 18,000 அவங்க கையில், ஃபெண்டரில் ஓட்டை நம்ம வண்டியில்.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். ஏர் பாக்ஸ் வாயோட உள்விட்டத்தை முதல்ல அளங்க. தலையிலிருந்து ஏர் பாக்ஸ் வரைக்கும் எந்த இடத்திலும் உள்பரப்பு அந்த வாயோட பரப்புக்குக் கீழ போகக்கூடாது. நீளமும் வளைவும் இருக்கறதால ஒரு அளவு பெரிசாவே போங்க. பி.வி.சி. பைப் அளவு பெரும்பாலும் வெளிவிட்டம், சுவர் கனத்தை ரெண்டு பக்கமும் கழிங்க. எக்ஸாஸ்ட் பக்கம் பி.வி.சி.யே வேண்டாம், சூட்டில் இளகிடும். ஹோஸில் கம்பிச்சுருள் இருக்கணும். ஃபெண்டரை வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் பிரிச்சு, வெர்னியர் தாடை தெரியுற மாதிரி வீடியோ எடுத்து வைங்க. ஏர் பாக்ஸுக்கு அடியில் இருக்கிற வடிகால் வாயை அடைச்சாச்சான்னு பாருங்க. அது வழியா தண்ணி ஏறி பிஸ்டனுக்கு மேல நின்னா கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். எல்லாம் முடிஞ்சதும் இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஸ்நார்கெல் வாயைத் தட்டையான பலகையால மூடுங்க. கையை வைக்காதீங்க, உறிஞ்சிப் பிடிக்கும். சில நொடியில் இன்ஜின் திணறி நிக்கணும். நிக்காம ஓடினா எங்கேயோ ஜாயிண்ட் ஒழுகுது, அதை அடைக்கிற வரைக்கும் வண்டியைத் தண்ணிக்குள்ள இறக்காதீங்க.