மான்செராட், செஞ்சுரி கோதிக், மைக்ரோமா: லேபிளுக்கு எது நிக்கும்?

திருப்பூர்ல லேபிளும் ஹேங்டேக்கும் (துணில தொங்கற அட்டை) டிசைன் பண்றதுதான் என் பொழப்புங்க. வர்ற பார்ட்டி முக்கால்வாசி பேரு "நல்லா அகலமா, வட்ட வட்டமா எழுத்து வேணும், எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி தெரியோணும்"னுதான் கேப்பாங்க. அப்படிக் கேட்டா நான் எடுத்து வெக்கறது தலைப்புல இருக்கற இந்த மூணு இங்கிலீஷ் ஃபான்ட்டத்தான்.

செஞ்சுரி கோதிக் ஸ்க்ரீன்ல பாத்தா அவ்ளோ அழகு, ஓ (o) எழுத்து காம்பஸ் வெச்சு போட்ட வட்டமேதான். 1991ல மோனோடைப் கம்பெனி கொண்டாந்தது, ஐடிசி அவான்ட் கார்டுங்கற பழைய ஃபான்ட்டோட அகலத்துக்கு அப்படியே பொருந்தற மாதிரி செஞ்சாங்க. ஆனா அதுல சின்ன ஏ-வுக்கு (a) மேல கொக்கி கெடயாது, ஒரு வட்டம், பக்கத்துல ஒரு குச்சி, அவ்ளோதான். ஒருக்கா கொழந்த பனியனுக்கு நெசவு லேபிள் இதுல குடுத்துட்டேன், எழுத்து ரொம்ப சின்னது, தறில நெய்து வந்தப்ப அந்த மெல்லிசு குச்சி நூலோட நூலா வட்டத்துல ஒட்டிக்கிட்டு ஏ எல்லாம் ஓ ஆயிப்போச்சு, பிராண்டு பேரே மாறிப்போச்சுங்க. ரோல் பூரா மறுபடி நெய்ய வேண்டியதாப்போச்சு.

அதுக்கப்புறம் நெசவுக்கு மான்செராட்தான். அர்ஜென்டினாவோட ப்யூனஸ் அயர்ஸ்ல மான்செராட்னு ஒரு பழைய ஏரியா, அங்க இருந்த பழைய போஸ்டர், கடை போர்டு எழுத்தயெல்லாம் பாத்து ஹூலியேட்டா உலனோவ்ஸ்கிங்கற டிசைனர் வரைஞ்சது. (நம்ம கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதி பழைய போர்டுகள பாத்தும் யாராச்சும் இப்படி ஒண்ணு பண்ணோணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.) இதுல சின்ன ஏ கொக்கியோட இருக்கு, எழுத்துக்குள்ள இடம் தாராளம், மெல்லிசுல இருந்து தடிப்பு வரைக்கும் 9 கனத்துல கெடைக்குது, லைசென்ஸ் காசும் இல்ல. சிக்கல் அகலம்தான். நீளமான பேரு 30 மிமீ ரிப்பன்ல அடங்காது, உடனே கோரல்டிரா சாப்ட்வேர்ல சைடுல புடிச்சு அமுக்கிருவாங்க, அது மட்டும் வேண்டாங்க, நிக்கற கோடு மெலிஞ்சு படுத்த கோடு தடிச்சு எழுத்தே கெட்டுப்போகும். பேர ரெண்டு வரியா ஒடைங்க, இல்லீன்னா சைஸ் கொறைங்க.

மைக்ரோமா வேற ஜாதி. 1952ல வந்த மைக்ரோகிராமா, 1962ல வந்த யூரோஸ்டைல்னு ரெண்டு பழைய ஃபான்ட், அந்த வழில வந்தது, பழைய டிவி ஸ்க்ரீன் மாதிரி மூலை மழுங்கின சதுரம். கோயமுத்தூர் மோட்டார், பம்பு நேம்ப்ளேட்டுக்கு, ஜிம் டீசர்ட்டு நெஞ்சுல பெருசா போட நல்லாருக்கும். ஒரே கனம்தாங்கறதால வாஷ்கேர் (எப்படித் துவைக்கோணும்னு சொல்ற) லேபிளுக்கு ஆகாது.

மூணுலயும் தமிழ் எழுத்து இல்லீங்க, தமிழ்ல டைப் பண்ணுனா கம்ப்யூட்டர் வேற எதையாச்சும் எடுத்துப் போட்டுக்கும். மான்செராட் பக்கத்துல நான் கட்டமரான்ங்கற தமிழ் ஃபான்ட்டு போடறேன், அதுலயும் 9 கனம் இருக்கறதால ஜோடி சேக்க ஈசி. ஆனா ஒரே பாயின்ட் சைஸ்ல விட்டுறாதீங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சு கண்ணால பாத்து சைஸ் மாத்தோணும். ழு, கூ மாதிரி எழுத்து கீழ இறங்கறதுக்கும் வரிக்கு நடுவுல எடம் விடுங்க.

அந்த பனியன் பார்ட்டிக்கு இப்ப மான்செராட் செமிபோல்டு ஓடுது, மொதல்ல அரை மீட்டரு நெய்து, லென்ஸ் வெச்சு ஏ-வோட கொக்கி தெரியுதான்னு பாத்துட்டுத்தான் ரோல் ஏத்தறோம்.