திரும்பும்போது சத்தம்: சிவி ஜாயிண்ட்டா, பேரிங்கா?

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். காரின் முன்சக்கரத்தில் கோளாறு இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக் கிளம்பும்போது ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் சிவி ஜாயிண்ட், அதாவது என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு. சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்: அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் கருப்பாகத் தெறித்திருக்கும். சத்தம் வருமுன் கவனித்தால் புது உறையும் கிரீஸும் போதும். வந்தபின் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும்.

சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் வேறு மாதிரி. பல்லடம் ரோட்டில் நேராகப் போகும்போதே உறுமும், வேகம் கூடக் கூட ஏறும். வலப்பக்கம் திரும்பும்போது அதிகமானால் இடச்சக்கரத்தைப் பாருங்கள். பாரம் அங்கேதான் சாய்கிறது. இரண்டில் இதைத்தான் தள்ளிப்போடவே கூடாது என்பேன். முற்றினால் சக்கரமே ஆடும். அப்புறம், பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் வைத்திருக்கும் பட்டறையிலேயே கொடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.